கைகள் சொல்வது, முதுகு சொல்வது: தியான இடத்துக்கான புத்தர் சிலை

தியானத்துக்கென ஒரு மூலையை ஒதுக்கி அங்கே புத்தர் சிலை வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முகத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். முகம் சாந்தமாக இருக்கிறதா, மனதுக்குப் பிடிக்கிறதா என்று பார்ப்பதில் தவறில்லை. ஆனால் முகத்துக்கு வருவதற்கு முன் சிற்பி உடலை அளந்து முடித்திருப்பார். நிமிர்ந்த முதுகு, விரிந்த தோள், மடித்த கால், மடியில் கிடக்கும் கை எல்லாமே மரபு வகுத்த அளவுகள். எப்படி உட்கார வேண்டும், பார்வையை எங்கே விட வேண்டும், எந்த இடத்தில் இறுக்கம் கூடாது என்பதை அந்த உடல் காட்டுகிறது. தினமும் அதன் எதிரே அமர்பவருக்கு அதுதான் பாடம். அதனால் தியான இடத்துக்கான சிலையைக் கையிலிருந்தும் முதுகிலிருந்தும் பார்க்கத் தொடங்க வேண்டும், முகம் பிறகு என்பது என் உறுதியான கருத்து.

புத்தரின் மனித உருவம் பௌத்தத்தில் தாமதமாகத்தான் வந்தது. பர்ஹூத், சாஞ்சி, அமராவதி ஆகிய இடங்களின் தொடக்ககாலப் புடைப்புச் சிற்பங்களில் அவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போதி மரமோ, வெற்று ஆசனமோ, சக்கரமோ, பாதச் சுவடோதான் இருக்கும். மணிபல்லவத்தில் மணிமேகலை வணங்குவதும் ஒரு பீடிகையைத்தான். கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டிக் காந்தாரத்திலும் யமுனைக் கரையில் உள்ள மதுராவிலும் மனித உருவச் சிலைகள் வரத் தொடங்கின. அதற்குள் மகாபுருஷ லட்சணங்கள், அதாவது மாமனிதருக்குரிய உடல் அடையாளங்கள், 32 என்ற பட்டியல் மரபில் ஊன்றிவிட்டது. ஆகவே சிலையின் உறுப்புகளில் அலங்காரத்துக்காக மட்டும் இருப்பவை மிகக் குறைவு.

கைகள்

அமர்ந்த புத்தர் சிலைகளில் அதிகம் கிடைப்பவை இரண்டு முத்திரைகள். ஒன்று பூமிஸ்பரிசம். இடது கை மடியில் உள்ளங்கை மேல்நோக்கிக் கிடக்கும். வலது கை வலது முழங்காலின் மேல் தொங்கி, விரல் நுனி தரையைத் தொடும் அல்லது தொடப்போகும். புத்த கயையில், தியானத்தைக் கலைக்க முயன்ற மாரன் வந்து, இந்த ஆசனத்தில் அமர உனக்கு என்ன உரிமை என்று கேட்டபோது பூமியைச் சாட்சிக்கு அழைத்த கணம் அது. தாய்லாந்திலும் மியான்மரிலும் அமர்ந்த உருவங்களில் பெரும்பான்மை இதுவே. பயிற்சியில் இருப்பவருக்கு இதில் கவனிக்க வேண்டியது, ஒரு கை செயலில் இருக்க மறு கை மடியை விட்டு அசையவில்லை என்பது. சந்தேகம், சலிப்பு, எழுந்து போகலாமா என்ற உந்துதல் ஆகியவற்றோடு போராடுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த முத்திரையைத்தான்.

மற்றொன்று தியான முத்திரை. இரு கைகளும் மடியில், இடதின் மேல் வலது, உள்ளங்கைகள் மேல்நோக்கி. இலங்கையின் அமர்ந்த சிலைகளில் இது மிகுதி. அனுராதபுரத்துச் சமாதி சிலை அதன் உச்சம். சில மரபுகளில் இரு பெருவிரல் நுனிகளும் ஒன்றையொன்று லேசாகத் தொட்டு ஒரு நீள்வட்டத்தை உண்டாக்கும். ஜென் பயிற்சியில் இந்த வட்டத்தை வைத்தே மனநிலையைச் சோதிப்பார்கள். பெருவிரல்கள் தொய்ந்து உள்ளங்கையில் விழுந்தால் தூக்கம் வந்துவிட்டது; ஒன்றையொன்று அழுத்தி மேலே கூம்பினால் முயற்சி அதிகமாகிவிட்டது. ஜென் பயிற்சியாளர்கள் வலதின் மேல் இடது கையை வைப்பார்கள். அதனால் சிலையும் நீங்கள் கற்ற முறையும் முரண்பட்டால் குழம்ப வேண்டாம், உங்கள் ஆசிரியர் சொன்னபடி அமருங்கள். மூச்சைக் கவனிக்கும் எளிய அமர்வுக்கு இந்த முத்திரையை விடப் பொருத்தமானது இல்லை.

தர்மசக்கர முத்திரையில் இரு கைகளும் மார்பின் முன் வந்து விரல்கள் சக்கரம் சுழற்றுவதுபோல் இணையும். சாரநாத்தில் கிடைத்த 5-ஆம் நூற்றாண்டு மணற்கல் சிலை இதற்கு முதன்மையான எடுத்துக்காட்டு; பீடத்தில் சக்கரமும் மான்களும் முதல் சீடர்களும் இருப்பார்கள். இது போதிக்கும் நிலை. நூல் வாசிப்புக்கும் படிப்புக்கும் ஏற்றது. கைகள் உயர்ந்திருப்பதால் அமர்வுக்கு முன்மாதிரியாகாது. விதர்க்க முத்திரையில் பெருவிரலும் சுட்டுவிரலும் வட்டமாகச் சேரும். அது விளக்கிச் சொல்லும் கை. அபயம், வரதம் இரண்டும் கோயில் சிற்பங்களில் நமக்குப் பழகியவையே. அபயத்தில் வலது கை உயர்ந்து உள்ளங்கை நம்மைப் பார்க்கும். வரதத்தில் கை தாழ்ந்து உள்ளங்கை வெளியே திரும்பியிருக்கும். எல்லா உயிர்களிடமும் அன்பை வளர்க்கும் மைத்ரி தியானம் செய்பவர்களுக்கு அபயம் நல்ல துணை.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. திபெத்திலும் நேபாளத்திலும் வழங்கும் வஜ்ரயான மரபில் ஐந்து தியானி புத்தர்களுக்கும் தனித்தனி முத்திரை, திசை, நிறம், வாகனம் உண்டு. அட்சோப்யர் பூமிஸ்பரிசம், கிழக்கு, நீலம், யானை. ரத்னசம்பவர் வரதம், தெற்கு, மஞ்சள், குதிரை. அமிதாபர் தியானம், மேற்கு, சிவப்பு, மயில். அமோகசித்தி அபயம், வடக்கு, பச்சை, கருடன். நடுவில் வைரோசனர் தர்மசக்கரம், வெள்ளை, சிங்கம். ஆக, பூமியைத் தொடும் ஓர் உலோகச் சிலை சாக்கியமுனியாகவும், அதாவது கௌதம புத்தராகவும், இருக்கலாம், அட்சோப்யராகவும் இருக்கலாம். நிறம் தீட்டியிருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால் பீடத்தைப் பாருங்கள்: யானைகள் இருந்தால் அட்சோப்யர். ஆசனத்தில் ஒரு வஜ்ரம் (இடியாயுதச் சின்னம்) இருப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது, ஏனென்றால் புத்தர் ஞானம் பெற்ற புத்த கயை இருக்கையான வஜ்ராசனத்தைக் குறிக்கச் சாக்கியமுனியின் முன்னும் அதை வைப்பதுண்டு. அதேபோல் மடியில் கை வைத்தவர் கையில் அமுத கலசம் இருந்து, தலையில் மகுடமும் உடலில் அணிகளும் இருந்தால் அவர் அமிதாயுஸ், நீண்ட ஆயுளுக்கானவர்.

உடல்

உட்காரும் முறையை வைரோசனரின் ஏழு குறிகளாகத் திபெத்திய மரபு சொல்லித் தருகிறது: மடித்த கால், மடியில் கை, நேரான முதுகு, விரிந்த தோள், சற்றே உள்ளிழுத்த மோவாய், மேலண்ணத்தைத் தொடும் நாக்கு, மூக்கு நுனி வழியாகத் தாழ்ந்த பார்வை. நாக்கைத் தவிர மற்ற ஆறையும் சிலையில் சரிபார்க்கலாம். ஒரு சிலை கைக்கு வந்ததும் நான் செய்யச் சொல்லும் முதல் வேலை அதைப் பக்கவாட்டில் திருப்பி வைப்பது. முன்னிருந்து பார்த்தால் அழகாகத் தெரியும் பல சிலைகள் பக்கவாட்டில் மாட்டிக்கொள்ளும். காது, தோள், இடுப்பு மூன்றும் ஏறத்தாழ ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்க வேண்டும். இடுப்புக்கு மேல் முதுகு லேசாக உள்வளைந்து பிறகு நிமிர வேண்டும். வயிறு இறுகாமல், மார்பு திறந்திருக்க வேண்டும். மலிவான அச்சு வார்ப்புகளில் முதுகு கூனியிருக்கும், கழுத்து முன்னே நீண்டிருக்கும். கணினி முன் நாள் முழுதும் உட்காரும் நமக்கு அந்தக் கூனலை இன்னொரு முறை கண்முன் வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

அடுத்தது முழங்கால். இரண்டும் பீடத்தில் படிந்திருக்க வேண்டும். ஒன்று அந்தரத்தில் நின்றால் இடுப்பு சாய்ந்திருக்கிறது என்று பொருள். வட இந்திய, நேபாள, திபெத்தியச் சிலைகளில் இரு உள்ளங்கால்களும் மேலே தெரியும்படி கால்கள் பின்னியிருக்கும். இது முழுப் பத்மாசனம்; சிற்ப மரபில் இந்தக் கால் நிலைக்கும் வஜ்ராசனம் என்றே பெயர். தென்னிந்திய, இலங்கை, தாய்லாந்துச் சிலைகளில் இடது காலின் மேல் வலது கால் சும்மா படுத்திருக்கும். ஒரு உள்ளங்கால் மட்டுமே தெரியும். முழுப் பத்மாசனம் வராதவர்கள் இந்த இரண்டாவது வகையைத் தேர்வது நல்லது. எட்டாத ஆசனத்தைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு முழங்காலை வருத்திக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். முழங்கால் மூட்டு திருகலைத் தாங்காது, திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டு.

கண்கள் பாதி மூடியிருப்பது இரண்டு திசைக் கவனத்தைக் குறிக்கிறது: வெளியுலகம் மறுக்கப்படவில்லை, அதில் தொலையவும் இல்லை. கண் முழுதும் மூடிய சிலை தூங்குவதுபோல் தோன்றும். மேலிமை தாழ்ந்து, கீழிமையோடு ஒரு மெல்லிய இடைவெளி இருக்கிறதா என்று உற்றுப் பாருங்கள். கையால் உளிவேலை செய்த சிலையில் அந்த இடைவெளியின் விளிம்பு கூராக இருக்கும். பலமுறை அச்சில் ஊற்றிய சிலையில் அது மழுங்கி, இமைகள் ஒட்டிவிட்டதுபோல் இருக்கும். வாயோரம், காது மடலின் உட்சுருள், விரல் இடுக்கு ஆகியவையும் அச்சில் முதலில் மழுங்கும் இடங்கள்.

தலையுச்சியின் மேடு உஷ்ணீஷம், ஞானத்தின் நிறைவு. புருவ மத்தியின் புள்ளி ஊர்ணை. அது வலமாகச் சுருண்ட வெண்மயிர் என்பதே மரபு, நெற்றிக்கண் அல்ல. நீண்ட காது மடல், அரச வாழ்வில் அணிந்த கனமான குண்டலங்களைத் துறந்ததன் தடம். கழுத்தில் மூன்று ரேகைகள். தலைமயிர் ஒவ்வொன்றும் வலமாகச் சுருண்ட சிறு சுருள். நல்ல வேலையில் சுருள்களின் திசை ஒன்றுபோல் இருக்கும். உஷ்ணீஷத்தின் மேல் தீச்சுடர் இருந்தால் அது தென்னிந்திய, இலங்கை, தென்கிழக்காசிய மரபின் அடையாளம். ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரம் இருந்த நாகப்பட்டினத்தில், 1856 முதல் சுமார் 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றின் புத்தர்களுக்கு அந்தச் சுடர்தான் தனிச் சிறப்பு. சென்னை அருங்காட்சியகத்தில் அவற்றைக் காணலாம். வாங்கும் முன் இப்படி ஓரிரு நல்ல பழைய சிலைகளைச் சுற்றிவந்து பார்ப்பது கண்ணைப் பழக்கும்.

பீடத்தின் தாமரை இதழ்கள் மேலும் கீழுமாக இரட்டை வரிசையில் இருப்பது வழக்கம். சேற்றில் வேரூன்றிச் சேறு ஒட்டாத மலர் என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பின்னிதழ்கள் செதுக்கப்படாமல் விடப்பட்டிருந்தால் அது சுவரோரம் வைக்கச் செய்த சிலை, குறையல்ல.

வேறு உருவங்கள்

மருந்துப் புத்தர் இடது கையில் கிண்ணமும் வலது கையில் கடுக்காய்க் கொத்தும் வைத்திருப்பார், உடல் நீலம். நோயுற்றவருக்காகத் தியானிப்போர் இவரை வைக்கிறார்கள். அவலோகிதேசுவரரை மகுடத்தில் உள்ள சிறு அமிதாபரைக் கொண்டு அடையாளம் காணலாம். கருணைப் பயிற்சிக்கு உரியவர். மஞ்சுஸ்ரீ வலது கையில் வாள், இடப்புறம் தாமரை மேல் சுவடி. ஜென்னின் ஒரு பிரிவான சோட்டோ ஜென் தியானக் கூடங்களின் நடுவில் இவரே இருக்கிறார். பச்சைத் தாராவின் வலது கால் மடியாமல் கீழே இறங்கி ஒரு சிறு தாமரையில் பதிந்திருக்கும், அழைத்தால் எழுந்து வரத் தயாராக. வெள்ளைத் தாராவுக்கு முகத்தில் மூன்று, உள்ளங்கைகளிலும் உள்ளங்கால்களிலுமாக நான்கு, மொத்தம் ஏழு கண்கள். வாங்கும்போது இந்த ஏழையும் எண்ணுங்கள். அவசர வேலையில் விட்டுப்போவது உள்ளங்கால் கண்கள்தான்.

தொந்தியும் சிரிப்புமாக மூட்டை சுமப்பவர் கௌதம புத்தர் அல்லர். அவர் 10-ஆம் நூற்றாண்டுச் சீனத் துறவி பூதாய். இனி வரப்போகும் புத்தரான மைத்ரேயரின் அவதாரமாகக் கருதப்படுபவர். மதிப்புக்குரிய உருவமே, ஆனால் அமர்வுக்கு முன்மாதிரி அல்ல. எலும்பு தெரியும் காந்தாரத்துத் தவ உருவமும் அப்படியே. புத்தர் கைவிட்ட வழியை அது காட்டுகிறது.

புத்தரின் தலையை மட்டும் வாங்கி வைப்பதை நான் எதிர்க்கிறேன். எந்தப் பௌத்த மரபும் வழிபாட்டுக்கென்று கழுத்தோடு வெட்டிய தலையை வடிக்கவில்லை. கொள்ளையர்கள் தூக்கிச் செல்ல வசதியாக உடலிலிருந்து பெயர்த்ததால்தான் தலை தனிப்பொருளாகச் சந்தைக்கு வந்தது. சீனத்தின் தியான்லோங்ஷான் குகைகளில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரிசையாகத் தலைகள் வெட்டப்பட்டன. தலையில் முதுகும் இல்லை, கையும் இல்லை. உட்காரக் கற்றுத் தர அதனிடம் எதுவும் மிஞ்சவில்லை.

கைவேலையை அறிவது

மரபான அளவில் ஒரு தாளம் என்பது மயிர் விளிம்பிலிருந்து மோவாய் வரை உள்ள முகநீளம். அதைப் பன்னிரண்டு விரலாகப் பிரிப்பார்கள். திபெத்திய மரபில் நின்ற புத்தர் 120 அல்லது 125 விரல். வாங்குபவர் அத்தனையும் அளக்க வேண்டியதில்லை. ஒரு நூலை எடுத்து முகநீளத்தை அளந்து, மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு ஒரு முழங்கால் ஓரத்திலிருந்து மறு முழங்கால் ஓரம் வரையும், ஆசனத்திலிருந்து மயிர் விளிம்பு வரையும் அளந்தால் அவையும் ஏறத்தாழச் சமமாக வரும். கைகள் குட்டையாகவும் தலை பெரிதாகவும் இருந்தால் அளவு தெரியாத கை செய்த வேலை.

உலோகச் சிலைகளில் மெழுகு வார்ப்புதான் மூத்த முறை. நேபாளத்தில் பட்டன் நகரத்து நேவார் கலைஞர்கள் இதில் பெயர் பெற்றவர்கள். தேன்மெழுகோடு மரப்பிசினைக் கலந்து உருவத்தைச் செய்கிறார்கள். உலோகம் உள்ளே போகவும் காற்று வெளியேறவும் மெழுகாலேயே குழல்கள் ஒட்டப்படுகின்றன. நன்றாக அரைத்துக் கரைத்த களிமண், சாணிக் கலவை முதல் பூச்சு. மெழுகின் ஒவ்வொரு கோட்டையும் பதிந்துகொள்வது இதுதான். அது நிழலில் காய்ந்த பின் உமி சேர்த்த மண்ணைத் தடிமனாகப் பல முறை அப்புகிறார்கள். பூச்சுகளுக்கிடையே முழுதாகக் காயவிட வேண்டும். பிறகு சூடாக்கி மெழுகை வடித்து, அச்சைச் சுட்டு, அந்தச் சூட்டிலேயே உருகிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். தூய செம்பு 1085 பாகை செல்சியஸில் உருகும். வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம் அதற்குக் குறைவாகவே உருகும். ஆறிய பின் அச்சை உடைத்து, குழல்களை அறுத்து, அரத்தாலும் உளியாலும் சீர்செய்யும் வேலை வார்ப்பை விட நீண்டது.

தவறு நேரும் இடங்களைத் தெரிந்துகொண்டால் சிலையில் அவற்றைத் தேட முடியும். அச்சில் ஈரம் மிஞ்சினால் நீராவி எழும்பி உலோகத்தில் குமிழ் ஓட்டைகள் விழும். பீடத்தின் உட்புறத்தில் இவை தெரியும். சில சிறு துளைகள் இயல்பு, முகத்திலும் மார்பிலும் அடைத்த தடங்கள் நிறைய இருந்தால் வேண்டாம். அச்சு போதிய சூடில்லாமல் உலோகம் பாதி வழியில் உறைந்தால் விரல் நுனியும் காதும் நிரம்பாது. அவற்றைத் தனியே செய்து பற்றவைப்பார்கள். விரல் வேரில் மெல்லிய நிற வேறுபாடு தெரிந்தால் அதுதான். ஒழுங்காகச் செய்த பழுது வேலை குறையல்ல, கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்களா என்பதுதான் முக்கியம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மெழுகு வார்ப்பு என்றாலே ஒரே ஒரு பிரதி என்று பொருளல்ல. மூலச் சிலையிலிருந்து எடுத்த அச்சில் மெழுகை ஊற்றிப் பல மெழுகு உருவங்களை எடுக்க முடியும், எடுக்கிறார்கள். அப்படிச் செய்த சிலையிலும் உளிவேலை கையால் நடந்திருந்தால் தரம் உயர்ந்திருக்கும். ஆகவே கேட்க வேண்டியது, மெழுகு உருவம் கையால் செய்ததா, அச்சில் எடுத்ததா, வார்த்த பின் எத்தனை நாள் உளிவேலை நடந்தது என்பவை.

தங்க முலாமில் இரண்டு வகை உண்டு. பாதரசத்தில் தங்கத்தைக் கரைத்துப் பூசித் தீயில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்குவது பழைய முறை. செய்பவரின் உடலுக்கு மிகவும் கேடானது. அதன் தங்கம் உலோகத்தோடு ஒன்றிவிடும். முகத்தில் மட்டும் பூசும் மங்கலான தங்கம் வேறு: தங்கத் தூளைப் பசையில் குழைத்துத் தூரிகையால் தீட்டியது. ஈரத்துணி பட்டால் வந்துவிடும். திபெத்தியச் சிலைகளின் முகத்தைத் தொடாதீர்கள் என்பதற்கு மரியாதை ஒரு காரணம், இது இன்னொரு காரணம்.

வெண்கலம் என்று விற்கும் பிசின் வார்ப்பைக் கையே காட்டிக்கொடுக்கும். உலோகம் தொட்டவுடன் குளிரும், பிசின் குளிராது. பக்கவாட்டில் அச்சுக் கோடு ஓடும். அடிப்பகுதியைத் துணி ஒட்டி மூடியிருப்பார்கள்.

மரச் சிலையின் எதிரி வெடிப்பு. மரம் உலரும்போது வெளிப்பகுதி உட்பகுதியை விட அதிகமாகச் சுருங்குவதே காரணம். ஜப்பானியச் சிற்பி ஜோசோ பல துண்டுகளைச் சேர்த்து உட்புறத்தைக் குடைந்துவிடும் முறையை முழுமைக்குக் கொண்டுவந்தார். 1053-இல் அவர் செய்த பியோதோயின் ஆலயத்து அமிதா (அமிதாபர்) புத்தர் சிலை இன்றும் நிலைத்திருக்கிறது. ஒரே கட்டையில் செதுக்கிய சிலை வாங்கினால் மரத்தின் நடுத்தண்டு முகத்தின் வழியே போகவில்லையா என்று அடிப்பகுதியின் வளையங்களைப் பார்த்து உறுதி செய்யுங்கள். வளையங்களின் மையம் அடியிலேயே தெரிந்தால், வெடிப்பு என்றாவது முகத்துக்கு வர வாய்ப்புண்டு.

உள்ளே இருப்பது

திபெத்திய, நேபாள மரபில் உலோகச் சிலை உள்ளீடற்றது. அதனுள் மந்திரங்கள் எழுதிச் சுருட்டிய தாள், நறுமணப் பொருள், தானியம் போன்றவற்றை நிரப்பி, அடியைச் செம்புத் தகட்டால் மூடி, தகட்டில் குறுக்கு வஜ்ரத்தைப் பொறிப்பார்கள். பிறகே உயிரேற்றும் சடங்கு. மூடிய தகட்டை ஆர்வத்தால் திறக்காதீர்கள். திறந்தால் மீண்டும் நிரப்பிச் சடங்கு செய்ய வேண்டும். புதிய சிலை அடி திறந்தபடி வந்தால் அது இன்னும் நிரப்பப்படவில்லை, அவ்வளவே. இலங்கையில் கண் திறக்கும் சடங்கில் ஓவியர் சிலையின் கண்ணை நேரே பார்க்காமல், கண்ணாடியில் பார்த்தபடியே விழியைத் தீட்டுகிறார். தியானத் துணையாக மட்டும் வைப்பவருக்கு இந்தச் சடங்குகள் கட்டாயமில்லை. வழிபாட்டுக்கென்றால் அந்த மரபின் துறவி ஒருவரிடம் கேட்டுச் செய்வது முறை.

வைக்கும் இடம்

தரையில் 10 செ.மீ. மெத்தை போட்டுக் கால் மடக்கி அமரும் பெரியவரின் கண் தரையிலிருந்து சுமார் 80 முதல் 90 செ.மீ. உயரத்தில் இருக்கும். பீடத்தோடு 25 செ.மீ. உயரமுள்ள சிலையின் முகம் அடியிலிருந்து 20 செ.மீ. அளவில் வரும். அப்படியானால் பலகையின் உயரம் 75 செ.மீ.; சிலையின் முகம் உங்கள் கண்ணுக்குச் சற்று மேலே அமையும். நாற்காலியில் அமர்பவருக்குப் பலகை 105 முதல் 110 செ.மீ. இது மரியாதைக்காக மட்டும் சொல்வதல்ல. தாழ்ந்த இமைகளை மேலிருந்து பார்த்தால் கண் முழுதும் மூடியதாகத் தெரியும். கீழிருந்து பார்த்தால்தான் இமைகளின் இடைவெளி திறக்கும். உங்கள் இடத்தில் அமர்ந்துகொண்டு, பலகையில் புத்தகங்களை அடுக்கிச் சிலையை ஏற்றி இறக்கிப் பாருங்கள். பார்வை உங்களைத் தொடும் உயரம் ஒன்று கிடைக்கும்.

தூரம் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் போதும். வெளிச்சம் முன்பக்கம் மேலிருந்து சாய்வாக விழட்டும். கீழிருந்து வரும் வெளிச்சம் புருவத்தின் நிழலை மேலே தூக்கி முகத்தைக் கடுமையாக்கும். சன்னலுக்கு முன்னால் வைத்தால் முகம் இருண்டு வெளிக்கோடு மட்டுமே தெரியும். கழிவறைச் சுவரையொட்டியும் படுத்தால் கால் நீளும் திசையிலும் வைப்பதைப் பௌத்த வீடுகளில் தவிர்க்கிறார்கள்.

எடையை மறந்துவிடுகிறோம். 30 செ.மீ. உயரம், 24 அகலம், 15 ஆழமுள்ள கருங்கல் சிலையின் கல் அந்தப் பெட்டியளவில் பாதியை நிரப்பினாலும் எடை 14 கிலோவைத் தாண்டும். சுவரில் திருகிய மெல்லிய பலகை அதைத் தாங்காது. தரையில் கால் ஊன்றிய மேசை வேண்டும்.

திபெத்திய முறையில் சிலையோடு ஒரு நூலும் ஒரு சிறு தூபியும் வைப்பார்கள்: முறையே புத்தரின் உடல், வாக்கு, மனம் ஆகியவற்றின் குறிகள். நாம் பார்க்கும்போது நூல் இடப்பக்கம், தூபி வலப்பக்கம். முன்னால் ஏழு நீர்க் கிண்ணங்கள், ஒன்றுக்கொன்று ஒரு வாற்கோதுமை மணி இடைவெளி. விளிம்புக்கு ஒரு மணியளவு கீழே வரை இடமிருந்து வலமாகக் காலையில் நிரப்பி, மாலையில் வலமிருந்து இடமாக எடுத்து, துடைத்துக் கவிழ்த்து வைப்பார்கள். வெற்றுக் கிண்ணத்தை நிமிர்த்தி வைப்பதில்லை. இத்தனையும் வேண்டாம் என்றால் ஒரு விளக்கும் ஒரு பூவும் போதும். பத்தியின் புகையில் பிசுக்கு இருக்கிறது, வருடங்களில் முலாமின் மேல் பழுப்புப் படலமாகப் படியும். பத்தியைச் சிலையிலிருந்து அரை மீட்டராவது தள்ளி, காற்றோட்டம் சிலைக்கு எதிர்ப்பக்கம் போகும்படி வைக்க வேண்டும்.

பராமரிப்பு

வாரம் ஒருமுறை மென்மயிர்த் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தூசி தட்டினால் போதும். புளி, எலுமிச்சை, வினிகர், பளபளப்புத் திரவம் எதுவும் கூடாது. அமிலம் வெண்கலத்தின் பழுப்பு மேற்பூச்சைக் கரைத்துவிடும். முலாம் பூசியதில் ஒவ்வொரு தேய்ப்பும் தங்கத்தைக் கொஞ்சம் எடுத்துப்போகும். தூக்கும்போது கையையோ தலையையோ பிடிக்காமல், ஒரு கை பீடத்தின் அடியிலும் மறு கை முதுகிலும் இருக்கட்டும்.

வெண்கலத்தில் எல்லாப் பச்சையும் கேடல்ல. கெட்டியாகப் படிந்த கரும்பச்சை காலம் தந்தது, விட்டுவிடலாம். வெளிர்பச்சை நிறத்தில் மாவுபோல உதிர்ந்து, துடைத்த சில நாளில் அதே இடத்தில் மீண்டும் பூத்தால் அது வெண்கல நோய். உலோகத்தில் புகுந்த உப்பின் குளோரைடு ஈரக்காற்றோடு சேர்ந்து உள்ளே அரித்துக்கொண்டே போகிறது. கடற்கரை வீடுகளிலும், வியர்வைக் கையால் அடிக்கடி தொடும் சிலைகளிலும் இதற்கு வாய்ப்பு அதிகம். சிலையைத் தனியே எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய பெட்டியில், ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்படி வையுங்கள். அரிப்பு மெதுவாகும். பிறகு உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள். வீட்டில் கழுவி எடுக்க முயன்றால் ஈரம் இன்னும் உள்ளே போகும்.

மரச் சிலைக்கு நேர் வெயிலும் குளிர்சாதனத்தின் காற்றோட்டமும் ஆகாது. அடியில் மெல்லிய மாவு கொட்டிக்கிடந்தால் வண்டு துளைத்திருக்கிறது. சிலையைப் பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டித் தனியே வைத்துவிட்டுப் பூச்சிக் கட்டுப்பாட்டாளரைக் கேளுங்கள், மற்ற மரச்சாமான்களையும் சோதியுங்கள். விரல் உடைந்தால் துண்டைப் பத்திரப்படுத்துங்கள், உடனடிப் பசையால் ஒட்டாதீர்கள். அந்தப் பசை இடைவெளியில் கெட்டிப்பட்டுவிட்டால் பிறகு சிற்பியால் சரியாகப் பொருத்த முடியாது. சரிசெய்யவே முடியாத சிலையை யாரும் குப்பையில் போடுவதில்லை. அருகில் விகாரம் இருந்தால் அங்கே ஒப்படைக்கலாம். திபெத்திய மரபில் அத்தகையவற்றைப் புதிதாகக் கட்டும் தூபிகளுக்குள் வைத்து மூடுகிறார்கள்.